அக்கா சிரித்த இரண்டு நிமிஷம்

என் அக்கா வள்ளிக்கண்ணு பி.ஏ. பாஸ் செய்தது ஐம்பத்தெட்டாம் வருஷம். அதே வருஷம்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. பெயில். இரண்டு ரிசல்ட்டும் சில நாள் இடைவெளியில் பேப்பரில் வந்தன. அக்காவின் நம்பர் இருந்தது, என் நம்பர் இல்லை. அப்பா உப்பிலியபுரம் கடைத்தெருவில் கல்கண்டு வாங்கிக் கொடுத்தபோது, "எதுக்குங்க இது?" என்று கேட்டவர்களிடம், "பெரியவளுக்கு" என்று மட்டும் சொன்னார். சின்னவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் இரண்டு தரம் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து வெள்ளாமைக் குடும்பங்களில் பி.ஏ. படித்த பெண் அதற்கு முன் கிடையாது. பட்டமளிப்பு விழா மெட்ராஸில் நடந்தது. "அதுக்கு ஒரு ரயில் ஏறணுமா? தபால்ல அனுப்ப மாட்டாங்களா?" என்றார் அப்பா. அனுப்பினார்கள். சுருட்டி வந்த பட்டத்தை ஒரு தரம் பிரித்துப் பார்த்துவிட்டு, விதை உளுந்து வைக்கிற தகரப் பெட்டியில், பூச்சி அரிக்காமல் இருக்க நாலு கொத்து வேப்பிலையோடு அப்பா வைத்துப் பூட்டினார். பிறகு அக்கா வேலைக்குப் பேட்டிக்குப் போனபோது, எதிரே இருந்த அதிகாரி பட்டத்தைப் பிரித்து மூன்று தும்மல் போட்டாராம். "எந்த யூனிவர்சிட்டிம்மா இது?" என்று கேட்டாராம்.

அந்த வேலை டெலிபோன் ஆபீஸ் வேலை. அக்காவோடு படித்தவர்கள் எல்லாம் டீச்சர் ஆனார்கள். அக்காவுக்குக் குரல் நன்றாக இருந்ததால் ஆபரேட்டர் ஆனாள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "சரித்திரம் படிச்சுட்டு ஒயரைச் சொருகற வேலையா?" என்றார். அம்மா வேலம்மாள்தான், "உக்காந்து செய்யற வேலைங்க. வெயில் கிடையாது" என்று சொல்லி முடித்து வைத்தாள்.

அப்பா இரண்டு நிபந்தனை போட்டார். முதலாவது, வேலை ஒரு வருஷம் தற்காலிகம் என்று உத்தரவில் இருக்கிறது. வருஷம் முடிந்து நிரந்தரம் ஆகாவிட்டால் ஊருக்குத் திரும்பி வந்து அழகிரி மாமாவைக் கட்டிக்கொள்ள வேண்டும். அழகிரி மாமா கெட்டவர் இல்லை. நாற்பது வயசு, இரண்டு லாரி, பேசுவதற்கு அந்த லாரிகளைத் தவிர வேறொன்றும் கிடையாது. அக்கா அவர் வீட்டுக்குப் போய்விட்டால் ஆயுசு முழுக்க டயர் கதை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரண்டாவது நிபந்தனை, டவுனில் வயசுப்பெண் தனியாக இருக்கக் கூடாது, ஆம்பளைத் துணை வேண்டும். வீட்டில் வேலைவெட்டி இல்லாத ஆம்பளை நான் ஒருவன்தான். ஆக, அக்காவுக்கு வேலை கிடைத்த அன்றே எனக்கும் வேலை கிடைத்தது. வயசு பதினேழு. உத்தியோகம், துணை.

தென்னூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஓர் அறை எடுத்தோம். காலையில் அக்காவை ஆபீஸ் வாசல் வரை கொண்டுபோய் விடுவேன். சாயங்காலம் கூட்டி வருவேன். நடுவில் எட்டு மணி நேரம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. எல்லாம் வந்தது அந்த எட்டு மணி நேரத்தால்தான்.

அக்கா தன் வேலையை எனக்கு ஒரு சாயங்காலம் இடியாப்பத் தட்டை வைத்து விளக்கினாள். தட்டில் இருக்கிற ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வீட்டு டெலிபோன். யாராவது போனை எடுத்தால் அந்த ஓட்டைக்கு மேலே சின்ன விளக்கு எரியும். ஆபரேட்டர் அதில் ஒயரைச் சொருகி, "நம்பர் ப்ளீஸ்" என்பாள். கேட்ட நம்பரின் ஓட்டையில் இன்னொரு முனையைச் சொருகுவாள். அவ்வளவுதான். ஆனால் பேசக்கூடிய வார்த்தைகள் எண்ணி நாலைந்துதான். நம்பர் ப்ளீஸ். லைன் பிஸி. யார் வீடுங்க. பதில் இல்லைங்க. அப்படி நம்பர் இல்லைங்க. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் தப்பு.

"எதிர்ல இருக்கறவன் திட்டினா?"

"நம்பர் ப்ளீஸ்."

"வீடு தீப்பிடிச்சுக்கிச்சுன்னு அழுதா?"

"தீயணைப்பு நம்பரைக் குடுத்துட்டு அடுத்த விளக்கைப் பார்க்கணும்."

"நீ தும்மினா?"

"தும்மக் கூடாதுடா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்காவின் சிரிப்பு விக்கல் மாதிரி ஆரம்பிக்கும். இரண்டு விக்கல் விக்கிவிட்டு, பிறகு அடக்க முடியாமல் கொட்டும். காலேஜ் ஹாஸ்டலில் அதற்காகவே அவளை மூலையில் படுக்கப் போடுவார்களாம்.

ஆபரேட்டர்கள் பின்னால் சூப்பர்வைசர் சகாயம்மாள் நடந்துகொண்டே இருப்பார். யார் லைனிலும் தன் காதுக் கருவியை மாட்டிக் கேட்பார். "அவங்க செருப்பு கூட சத்தம் போடாது" என்று அக்கா பயந்து பயந்து சொல்வாள். ஆனாலும் அந்த வேலையை அவள் ரொம்ப ஆசையாகச் செய்தாள். வீட்டில் கண்ணாடி முன் நின்று மூன்று விதமாக "நம்பர் ப்ளீஸ்" சொல்லிப் பார்ப்பாள். நான் சோறு போடச் சொன்னால் கூட, "லைன் பிஸி" என்பாள்.

அந்த மார்கழியில் வருஷம் முடிய இன்னும் ஒரு மாசம்தான் பாக்கி. வைகுண்ட ஏகாதசி வாரம். ஸ்ரீரங்கத்துக்கு ஊர் ஊராக ஜனம் வந்து இறங்கியது. டெலிபோன் ஆபீஸில் யாருக்கும் நிமிர நேரமில்லை என்று அக்கா சொன்னாள். எனக்குத்தான் நேரம் இருந்தது.

எங்கள் தெரு முனையில் ஜெகபர் அலி பாயின் மருந்துக்கடை. அங்கே டெலிபோன் இருந்தது. மத்தியானம் தொழுகைக்குப் போகும்போது பாய் என்னைக் கடையில் உட்கார்த்தி வைப்பார். "தம்பி, எதை வேணும்னாலும் தொடு. போனைத் தொடாதே. அது கவர்மெண்டுப் பாம்பு" என்பார். தொடாதே என்று ஒருவர் சொன்னால் எனக்கு விரல் நமைக்கும். அன்றைக்கு பாய் தெரு திரும்பியதும் எடுத்தேன். முதலில் வேறு பெண் குரல். வைத்துவிட்டேன். மறுபடி வேறு குரல். மூன்றாம் தரம் அக்கா.

"நம்பர் ப்ளீஸ்."

நான் குரலைக் கரகரவென்று ஆக்கிக்கொண்டேன். "ஸ்ரீரங்கம் ஒண்ணாம் நம்பர் குடும்மா."

"யார் வீடுங்க?"

"பெருமாள் வீடு. ரெங்கநாதர்னு பேரு. படுத்திருப்பாரு, எழுப்பிக் குடு. சொர்க்கவாசல் திறந்தப்போ எங்க பெரியப்பன் உள்ளே போயிட்டாரு. திருப்பி அனுப்பச் சொல்லு. வேட்டியை வீட்டிலேயே மறந்துட்டுப் போயிட்டாரு."

ஒரு விக்கல் கேட்டது. இன்னொரு விக்கல். எனக்கு உற்சாகம் பொங்கியது. பெரியப்பன் உள்ளே எந்தத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பார், அவரை அடையாளம் காண்பது எப்படி என்று சொல்ல ஆரம்பித்தேன். அக்கா கொட்டிச் சிரித்தாள். "டேய், வையிடா. வைடா பாவி" என்று நடுநடுவே சொன்னாள். நான் வைக்கவில்லை. கடிகாரத்தில் பார்த்தேன், இரண்டு நிமிஷம். திடீரென்று லைன் அறுந்தது.

என் ஆயுசில் நான் செய்ததிலேயே நல்ல வேடிக்கை இதுதான் என்று அன்று மத்தியானம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அக்கா என் கூட நடந்து வரவில்லை. பத்தடி பின்னால் வந்தாள். தென்னூர் திருப்பத்தில், "இனிமே பாய் கடைப் பக்கம் போகாதே" என்றாள்.

"ஏன், ரெங்கநாதர் கோவிச்சுக்கிட்டாரா?"

அவள் சிரிக்கவில்லை. "மெமோ குடுத்துட்டாங்க."

"அப்படின்னா?"

"ஒரு காயிதம்."

"காயிதம்தானே" என்றேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு எத்தனை காயிதம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வாய்க்காலில் கப்பல் விடுவேன். இதுவும் அப்படித்தான் என்று எண்ணினேன்.

அந்த வாரம் அக்கா கண்ணாடி முன் நிற்கவில்லை. சனிக்கிழமை காலையில், "காலேஜுக்குப் போகணும், வா" என்றாள். எதற்கு என்று போகிற வழியில்தான் சொன்னாள். அன்றைக்கு லைனில் சகாயம்மாள் இருந்திருக்கிறார். ஓர் ஆண் குரல் பேசுவதும், அக்கா சிரிப்பதும், "டேய்" என்பதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. அந்த ஆள் யார் என்று கேட்டிருக்கிறார். அக்கா தெரியாது என்றிருக்கிறாள். தெரியாத ஆளை டேய் என்பாயா என்று கேட்டிருக்கிறார். அக்கா பேசவில்லை. எந்த ஓட்டையிலிருந்து வந்தது, அதையாவது சொல் என்று கேட்டிருக்கிறார். "பார்க்கலைங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. விளக்கு அவள் மூக்குக்கு நேரேதான் எரிந்திருக்கும்.

"இப்போ, படிச்ச காலேஜிலேர்ந்து புதுசா ஒரு நன்னடத்தைச் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. திங்கக்கிழமைக்குள்ள குடுக்கலேன்னா வேலை நிரந்தரம் ஆகாது" என்றாள்.

"தம்பிதான்னு சொல்லிடறதுதானே?"

"சொன்னா? பாய் கடை போனைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க. ஆபீஸ் லைனைச் சொந்தப் பேச்சுக்கு வச்சுக்கிட்டேன்னு எனக்கும் போயிடும். அப்பாவுக்குத் தெரிஞ்சா உன்னை..." என்று நிறுத்தினாள்.

அவள் நிறுத்தின இடம் எனக்குத் தெரியும். காலேஜில் அவள் இரண்டாம் வருஷம் படித்தபோது, பொங்கலுக்கு அவளை ஊருக்குக் கூட்டிப்போக வந்தேன். வாட்ச்மேன் செபஸ்தியான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அங்கே தொங்கிய மணியை அடித்துவிட்டேன். இருபது நிமிஷம் முன்னாலேயே காலேஜ் முழுக்க வகுப்பை விட்டு வெளியே வந்துவிட்டது. அப்போது பிரின்ஸிபால் மதர் கேட்டதும் அக்கா மறைக்கவில்லை. "என் தம்பிதான்" என்று சொல்லி மன்னிப்பு எழுதிக் கொடுத்தாள். பார்வையாளர் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தார்கள். ஊரில் அப்பா புளிய விளாரால் என்னை அடித்தார். நாலு நாள் நான் குப்புறத்தான் படுத்தேன். அந்த நாலு நாளும் அக்கா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள் உண்மையைச் சொல்லி நான் அடி வாங்கியதால்தான் இப்போது பொய் சொல்லியிருக்கிறாள் என்பது காலேஜ் கேட் வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

கேட்டில் செபஸ்தியான் என்னைப் பார்த்ததும் மணிக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வாம்மா வள்ளிக்கண்ணு. நீ உள்ளே போ. இந்த பெல் தம்பி மட்டும் இங்கேயே நிக்கட்டும்."

"அண்ணே, இப்போ நான் பெரியவன்."

"அதான் பயமா இருக்கு. சின்னவனா இருந்தப்போ மணிதான் அடிச்சே."

அக்கா உள்ளே போனாள். கேட் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வராந்தாச் சுவரில் ஒரு கரும்பலகை. வேலைக்குப் போன பழைய மாணவிகளின் பெயரைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். நாலாவதாக அக்கா. 'வள்ளிக்கண்ணு, பி.ஏ., டெலிபோன் இலாகா.' மற்றவர்கள் பெயருக்கு நேரே எல்லாம் டீச்சர், டீச்சர், டீச்சர். அக்கா பெயரைச் சுற்றி மட்டும் யாரோ ரோஸ் சாக்பீஸால் பூ வரைந்திருந்தார்கள்.

அவள் மதர் அறைக்குப் போய்ச் சேருவதற்குள் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஹாஸ்டலில் அவளுக்கு ஜூனியராக இருந்தவர்கள்.

"அக்கா, நெஜமாவே காதுல மாட்டிக்கிட்டுப் பேசுவீங்களா?"

"மெட்ராஸ்ல பேசறது கூடக் கேக்குமா அக்கா?"

"ஒரு தடவை சொல்லுங்கக்கா. அந்த நம்பர் ப்ளீஸ்."

அக்கா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் மெமோ இருந்தது. "நம்பர் ப்ளீஸ்" என்றாள். பெண்கள் கை தட்டினார்கள். "இன்னொரு தடவைக்கா!" இன்னொரு தடவையும் சொன்னாள். அந்தக் குரல் கண்ணாடி முன் நின்று சொல்கிற மூன்று குரலில் எதுவும் இல்லை. நான் கேட்டை விட்டு நகர்ந்து, சுவருக்கு இந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஒளிந்துகொண்டேன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அரைமணி கழித்து வந்தாள். கையில் ஒரு கவர். கண் சிவந்திருந்தது. செபஸ்தியான் ஏதோ கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டு, கேட்டை வழக்கத்தை விட மெதுவாகத் திறந்தார்.

"குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. இங்கே படிச்ச காலம் வரைக்கும் நல்ல நடத்தைன்னு எழுதிக் குடுத்தாங்க."

"அப்புறம் என்ன?"

"அது போன வருஷமே என்கிட்ட இருக்குடா. இப்போ உள்ளதைத்தான் ஆபீஸ்ல கேக்கறாங்க. மதர் யாரும்மா அந்த ஆளுன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லலை. பதில் சொல்லாத பொண்ணுக்கு இன்னைக்குத் தேதி போட்டு நான் எப்படி எழுதறதுன்னு கேட்டாங்க. நியாயம்தானே?"

வழியெல்லாம் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது பதிலுக்குச் சொல்லிச் சமாளித்திருப்பேன். வீடு வந்ததும், "பசிக்குதா?" என்று கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவளை வாசலில் விட்டுவிட்டு, நான் திரும்பவில்லை. அக்கா மாடிப்படி ஏறி மறைந்ததும், வெளி அறையில் இருந்த பியூனிடம் சகாயம்மாளைப் பார்க்க வேண்டும் என்றேன். வந்தார். ஒல்லியான அம்மாள், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. நிஜமாகவே செருப்பு சத்தம் போடவில்லை.

"அன்னைக்கு லைன்ல பேசினது நான்தாங்க. வள்ளிக்கண்ணு எங்க அக்கா. அவங்க மேல தப்பு இல்லீங்க. நான்தான் வைக்கலை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் மூஞ்சி எனக்குத் தெரியாதுப்பா. நான் கேட்டது ஒரு குரல். அக்காவைக் காப்பாத்தத் தம்பியைக் கூட்டிட்டு வர்றது எனக்கு ஒண்ணும் புதுசில்லை."

"நெஜமாத்தாங்க."

"அன்னைக்கு அந்த ரெண்டு நிமிஷம் என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? உங்கக்கா பலகையில இன்னொரு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒரு அம்மா. வீட்டுக்காரர் மயங்கி விழுந்துட்டாரு, டாக்டரைக் கூப்பிடணும். பக்கத்துப் பொண்ணுங்களுக்கும் கை ஓயலை. அந்தம்மா புகார் எழுதியிருக்காங்க."

"அவரு...?"

"பிழைச்சுக்கிட்டாரு. பிழைச்சதால நீ என்கிட்ட பேசிக்கிட்டிருக்கே." திரும்பிப் போக ஓர் அடி எடுத்து வைத்தவர் நின்று, "அந்தம்மா பேரு ரெங்கம்மாள். உத்தர வீதி. இன்னைக்கே போய் உன் வாயால சொல்லு. அவங்க ஒரு கடிதாசி குடுத்தா அதை இந்த பியூன்கிட்ட குடு. நாளைக்குக் காலையில பதினோரு மணிக்குப் போன் பண்ணு. அந்த நேரத்துல வர்ற போனையெல்லாம் உங்கக்காவே எடுப்பா. அதே போன், அதே குரல், அதே வார்த்தை. ஒண்ணு மாறினாலும் எனக்குத் தெரியும். உங்கக்காகிட்ட எதுவும் சொல்லக் கூடாது" என்றார்.

ஸ்ரீரங்கத்தில் ரெங்கம்மாளின் வீட்டைக் கண்டுபிடித்தேன். கூடத்தில் சாய்வு நாற்காலியில் நாமம் போட்ட பெரியவர் ஒருவர் கால் நீட்டிப் படுத்திருந்தார். ரெங்கம்மாள் என்னை வாசற்படியிலேயே நிறுத்தினார். நான் சொன்னதைக் கேட்டார்.

"நீதானா அது? இவர் இதோ இந்த எடத்துல விழுந்து கெடக்கறார். நான் போனைப் பிடிச்சுண்டு அம்மா, அம்மான்னு கத்தறேன். ஒரு குரல் வரலை. அப்படி என்னடா பேசினே?"

"வேண்டாங்கம்மா."

"சொல்லு. இவர் உயிரோட எடை போட்ட பேச்சு, என்னன்னு நான் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

சொன்னேன். பெருமாளை எழுப்பச் சொன்னது, பெரியப்பன், வேட்டி. ஒவ்வொரு வார்த்தையாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அதைப் போலக் கேவலமான ஒரு கதையை நான் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் சாய்வு நாற்காலியில் சத்தம் வந்தது. பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "வேஷ்டியை மறந்துட்டானாமா? ரெங்கம், கேட்டியோ?" சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. ரெங்கம்மாள் ஓடிப்போய் மார்பைத் தடவிக் கொடுத்தார். பெரியவர் திட்டியிருக்கலாம். கைத்தடியை வீசியிருக்கலாம். சிரிக்காமல் இருந்திருந்தால் போதும்.

"அந்தப் பொண்ணும் இப்படித்தான் சிரிச்சாளா?" என்று ரெங்கம்மாள் கேட்டார்.

"ஆமாங்க."

"சிரிக்கற வயசுதான். ஆனா விளக்கு எரியறச்சே சிரிக்கப்படாது. போய் அவகிட்ட சொல்லு." உள்ளே போய் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். "பெருமாளைக் கூப்பிட்டியே, அவர் கேட்டுண்டுதான் இருந்திருப்பார். அதான் இவரை விட்டுட்டார். இனிமே அவருக்கு வேலை வைக்காதே."

மறுநாள் கடிதத்தைப் பியூனிடம் கொடுத்துவிட்டு, பத்தரை மணிக்கு பாய் கடைக்குப் போய், எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பாய் ரொம்ப நேரம் போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பாம்புன்னு சொன்னேனே தம்பி" என்றார். அவ்வளவுதான். பதினோரு மணிக்கு ரிசீவரை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். கடையில் குழந்தைக்கு மருந்து வாங்க வந்த ஒரு பெண்ணும், தைலம் கேட்டு நின்ற இரண்டு பேரும் இருந்தார்கள்.

"நம்பர் ப்ளீஸ்."

அக்காதான்.

குரலைக் கரகரவென்று ஆக்கினேன். "ஸ்ரீரங்கம் ஒண்ணாம் நம்பர் குடும்மா."

அந்தப் பக்கம் மூச்சு நின்றது தெரிந்தது. என் குரல் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் இவன் மறுபடி இதையே செய்கிறானே என்று அவள் நினைத்திருப்பாள். நான் ஒன்றும் விளக்கக் கூடாது.

"யார் வீடுங்க?"

"பெருமாள் வீடு. ரெங்கநாதர்னு பேரு. படுத்திருப்பாரு, எழுப்பிக் குடு..." சொர்க்கவாசலைச் சொன்னேன். பெரியப்பனைச் சொன்னேன். தைலம் வாங்க வந்தவர் சிரித்தார். "வேட்டியை..." என்ற இடத்தில் கரகரப்பு போய் என் சொந்தக் குரலே வந்துவிட்டது. எப்படியோ முடித்தேன்.

விக்கல் வருகிறதா என்று காத்திருந்தேன். வர வேண்டாம் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் காத்திருந்தேன்.

"அப்படி நம்பர் இல்லைங்க" என்றாள். கல்லில் தட்டினது போல, சுத்தமான ஆபீஸ் குரல். யாரோ முன்பின் தெரியாத ஒருவனிடம் பேசும் குரல்.

உடனே லைனில் இன்னொரு குரல் வந்தது. "அதே ஆள்தான். வைப்பா." சகாயம்மாள்.

அக்காவுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். தற்காலிகத்தை மூன்று மாசம் நீட்டினார்கள். சித்திரையில் நிரந்தர உத்தரவு வந்தது. பாயின் போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அழகிரி மாமா ஆனி மாசம் துறையூரில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அப்பாவுக்கு இன்று வரை எதுவும் தெரியாது. என்னிடம் அக்கா அதைப் பற்றிக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஸ்ரீரங்கத்துப் பெரியவர் நல்லா இருக்காரா?" நல்லா இருக்கார் என்றேன்.

நிரந்தர உத்தரவு வந்த பின் காலேஜில் பழைய மாணவிகள் நாள் வந்தது. அக்கா நடந்ததையெல்லாம் மதருக்கு ஒரு கடிதமாக எழுதியிருந்தாள் போலிருக்கிறது. நாங்கள் கேட்டுக்குப் போனபோது செபஸ்தியான், "மதர் உன்னையும் உள்ளே விடச் சொல்லிட்டாங்க பெல் தம்பி. உள்ளே கேசரி இருக்கு" என்றார். மணிக்கயிற்றை அவர் பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"நான் இங்கேயே நிக்கறேண்ணே" என்றேன். கேசரி என்றால் எனக்கு உயிர். ஆனால் கால் வரவில்லை.

கம்பி வழியாகப் பார்த்தேன். வராந்தாவில் பெண்கள் அக்காவைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி ஏதோ வேடிக்கையாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்கு விக்கல் வந்ததை நான் இங்கிருந்தே கண்டுபிடித்துவிட்டேன். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மெதுவாகத் திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது. பார்த்துவிட்டு, அப்புறம்தான் கையை எடுத்துச் சிரித்தாள்.

வீட்டிலும் இப்போது அப்படித்தான். நான் எதைச் சொன்னாலும் முதலில் பின்னால் திரும்பிப் பார்க்கிறாள்.